சட்டம் போட்டு மாட்டிய வம்சம்

மார்ச் 4, செவ்வாய்

கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர்கள் யார் என்று இன்றும் தெரியவில்லை. பங்குக் கோவில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். பாதி ஆண் பிள்ளைகளுக்குப் பங்கின் பாதுகாவலரான புனிதரின் பெயரையே வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவுக்கும் அதே பெயர்தான். அவருடைய கல்யாணப் பதிவில் பெற்றோர் பெயர் இருந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது ஞானஸ்நான எண் மட்டும்: முப்பத்தொன்று. அவர் பிறந்த வருடத்து ஞானஸ்நானப் பதிவேட்டில் முப்பத்தொன்றாம் எண்ணில் இருப்பது ஒரு பெண் குழந்தை.

அப்பா வழக்கம்போல, "அதெல்லாம் எதுக்கும்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். மூன்று வருடமாக இதே கேள்வி.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவளும் தேடப் போகிறாளாம். சித்தப்பா மகள். "சும்மா ஒரு ஜாலிக்குத்தான்க்கா." அவளுக்கு எது ஜாலி இல்லை?

மார்ச் 21

கண்டுபிடித்துவிட்டாளாம்.

மார்ச் 23, ஞாயிறு

பெரிய மரம் வரைந்து, சட்டம் போட்டுக் கொண்டு வந்தாள். கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த பணக்காரரின் மகனாம் நம் கொள்ளுத்தாத்தா. அதே பெயர், அதே வருடம். எண் இடிக்கிறதே என்றேன். "எழுதினவர் தப்பாப் போட்டிருப்பாருக்கா" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா அவள் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். எனக்கு ஒருநாளாவது சொல்லியிருக்கிறாரா? கூடத்தில் என் கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மரத்தை மாட்டினார்கள்.

மார்ச் 24

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்குமா என்று பார்த்தேன். அடங்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பணக்காரர் மகன் ஒரு வயது முடியுமுன்பே இறந்துவிட்டான். அடக்கப் பதிவேட்டில் இருக்கிறது, அதே அப்பா, அதே அம்மா. ஞானஸ்நானத்தைப் பார்த்தால் அடக்கத்தையும் பார்க்க வேண்டும், இது இந்த வேலையின் அரிச்சுவடி. மகாராணி அதைத் திறக்கவே இல்லை!

ஒரு குழந்தை செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன். சீ. ஆனாலும் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அப்படியென்றால் நம் ஆள் யார் என்று கேட்பார்களே — மறுபடி போனேன். ஞானஸ்நானப் பதிவேட்டை மூடும்போது கடைசித் தாளில் எழுத்துத் தலைகீழாகத் தெரிந்தது. புத்தகத்தைத் திருப்பினேன். அப்பா என்று யாரும் வராத பிள்ளைகளைப் பின்னாலிருந்து தனியாக எழுதியிருக்கிறார்கள். தனி எண்கள். முப்பத்தொன்று: கொள்ளுத்தாத்தா. தாய், வீட்டு வேலை செய்பவள். தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு.

மூன்று வருடம் முன்பக்கத்தையே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. அப்பாவிடம் போய்க் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியும்" என்றார். "எங்கப்பா சாகும்போது சொல்லிட்டுத்தான் போனாரு. அவரோட அப்பாவுக்கு அப்பா பேரே கிடையாதுன்னு."

அப்புறம் எதற்கு அந்த மரத்தை மாட்டினீர்கள் என்று கத்தினேன்.

"அவ தேடினப்போ எனக்குப் பயமே இல்ல. நீ தேடினாத்தான் பயம். நீ விடமாட்டியே. அந்தப் படத்தப் பாத்தாவது நீ தேடறத விட்டுடுவேன்னு நினைச்சேன்."

இத்தனை நாள் என்னை மட்டம் தட்டுகிறார் என்றல்லவா நினைத்தேன்? அழுதுவிட்டேன்.

"அவரப் பெத்த அந்தம்மா பேரு என்ன?" என்று கேட்டார். அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். மெதுவாகத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லோரும் வந்திருந்தார்கள். சின்னவள் தன் நாத்தனாரிடம் மணி வாங்கிக் கொடுத்த கதையை அளந்துகொண்டிருந்தாள். வாய் நமநமத்தது. அப்பா என்னைப் பார்த்தார். படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எழுந்துபோய் நேராக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். "புதன்கிழமை நீ போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போம்மா." அந்தப் பதிவேட்டைப் பார்க்கத்தான்.

"எங்க பெரியப்பா?" என்றாள் சின்னவள்.

"ஒண்ணுமில்லம்மா. நாங்க ரெண்டு பேரும் சும்மா போயிட்டு வரோம்."

அவள் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.