அலுமாரித் தட்டில் கிடந்த முன்னுரை

10.06.1984, ஞாயிறு. ஊர்காவற்றுறை.

கராத்தே மாஸ்டரின் ஆங்கிலப் புத்தகம் பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்கும். முன்பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது என்று சொல்லியிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நம்பினேன்.

இன்று பயிற்சி முடிந்ததும் மாற்றுச் சட்டையை எடுத்துவரச் சொன்னார். அலுமாரித் தட்டில், சட்டைக்குக் கீழே, அந்தப் பதினாறு பக்கங்களும் விரிப்பாகக் கிடந்தன. ஒரு பூச்சி அரித்த ஓட்டைகூட இல்லை.

நின்றபடியே வாசித்தேன். அந்தக் காலத்து ஆசான் ஒருவர் எழுதிய முன்னுரை. ஆயுதம் பறிக்கப்பட்ட ஒரு தீவுச் சனம் ஒளித்துப் பழகிய கலையாம். பழகியவன் ஒருநாளும் முதலில் கை ஓங்கக் கூடாதாம்.

மாஸ்டர் எங்களுக்குச் சொன்னது வேறு. "முந்தி அடிக்கிறவன்தான் வெல்லுவான். புத்தகத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு." அதை நம்பித்தான் போன மாதம் துறையடியில், என்னோடு வாய்த்தர்க்கப்பட்ட வள்ளக்காரன் அந்தோனியை அடித்தேன். அவனுடைய இரண்டு கையிலும் வள்ளம் கட்டுகிற கயிறு இருந்தது. இன்னும் கஞ்சிதான் குடிக்கிறான்.

"ஏன் மாஸ்டர் கிழிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"இதை வாசிச்சா ஒருத்தரும் பழக வரமாட்டினம்." சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். "நீரும் வந்திருக்கமாட்டீர்."

பக்கங்களைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு அந்தோனியிடம் காட்டலாம் என்று வழிநெடுக நினைத்தேன். காட்டி என்ன சொல்ல? கயிறு பிடித்து நிற்கிறவனை அடிக்கக் கூடாது என்று அறிய எனக்கொரு புத்தகம் தேவைப்பட்டது என்றா?