வாஸ்வாவின் எஞ்சினைத் திறக்கலாமா?

மசாக்கா
ஈஸ்டர் கழிந்த திங்கள்

அன்பு மகன் காட்டோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நைரோபியில் குளிர் அதிகம் என்கிறார்களே, ஸ்வெட்டர் போடுகிறாயா? நான் சுகம். முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. கடையில் கடோகோ பானை வெயில் ஏறுவதற்குள் காலியாகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு டிரைவர்கள் வாழைக்காய் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், குடல் குறைந்தால் என்னையே வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

தபாலை நம்பாமல் நைரோபி பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் கராஜுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். "அவன் வண்டிக்கு அடியில இருக்கான்மா" என்றார்கள். இரண்டு தடவையும் அடியிலேயே இருந்தாய். சாப்பிடவாவது வெளியே வருகிறாயா?

வாஸ்வா பறந்துவிட்டான் என்று உன் அத்தை உனக்கு நாலு வரி எழுதினாள். அடக்கம் முடிகிறவரை உனக்குச் சொல்லக்கூடாது என்று தடுத்தவளும் அவள்தான். "இரட்டையில ஒருத்தன் போனா செத்தான்னு சொல்லாத, பறந்தான்னு சொல்லு. அழாத. அழுதா மிச்சம் இருக்கறவனையும் அவன் கூப்பிட்டுக்குவான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உனக்காகத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நடந்தது என்ன என்று உனக்கு யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

கம்பாலாவில் சவாரியை இறக்கிவிட்டு, டாக்ஸியில் தனியாகத் திரும்பியிருக்கிறான். ல்வேரா சதுப்பு நிலத்துக்குக் கிட்டே எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி, வழக்கம்போலப் பாப்பிரஸ் கோரைத் தழைகளை ஒடித்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டிருக்கிறான், வருகிற வண்டிகள் விலகிப் போகட்டும் என்று. பிறகு தண்ணீர் எடுக்க ஜெரிக்கேனோடு எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறான். அந்தப் பக்கம் தழை போடவில்லை. எதிரே மீன் லாரி வந்தது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. இழுத்துக்கொண்டு வந்து நம் முற்றத்தில் விட்டுப் போனார்கள்.

இப்போது அதன் பின் சீட்டில் கோழி முட்டையிடுகிறது. மெக்கானிக் கிகுண்டு வந்து எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தான். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. "தண்ணி எண்ணெய்ல கலந்துடுச்சு நாலொங்கோ. ரெண்டும் கலக்காம தடுக்கற தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருச்சு. எஞ்சினைத் தெறந்தாகணும். என் ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போறேன்" என்றான்.

எனக்கு இழுத்துப் போக விட மனமில்லை. முற்றத்திலேயே நானே திறந்தால் என்ன? மாட்டுக் குடலைச் சுத்தம் செய்கிறவளுக்கு எஞ்சின் என்ன பெரிய விஷயம்? நீ நைரோபியில் பத்து வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறாய், அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பமாட்டாயா? முதலில் எதைக் கழற்ற வேண்டும், என்ன ஸ்பேனர் வேண்டும் என்று எழுது. முதல்முறை தொடுகிறவள் என்று நினைத்து எழுது. வண்டி ஓடினால் ஒரு டிரைவரிடம் விடலாம். அவன் பெயர் எழுதிய வண்டி ரோட்டில் போவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா


மசாக்கா
மழை விடாத ஒரு செவ்வாய்

மகன் காட்டோவுக்கு,

உன் பதில் வந்தது. "அம்மா, அதைத் தொடாதே" என்று ஒரே வரி. சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கண்டக்டரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், கடோகோ சாப்பிட வந்த மனுஷன், தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைத் திண்டில் போய் உட்கார்ந்தான்.

சாயங்காலம் வாழைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீதான் அந்த எஞ்சினைத் திறந்து புது கேஸ்கெட் போட்டாய். முற்றத்தில் பாய் விரித்து, முழங்கை வரை கறுப்பாக, நீயும் அவனும் நாள் பூராவும் சண்டை போட்டுக்கொண்டே செய்தீர்கள். "இறுக்குனது போதும்டா, திருப்பலி ஆரம்பிச்சுரும்" என்று அவன் உன்னை அவசரப்படுத்தினான். நானும்தான் உள்ளேயிருந்து கத்தினேன். இதையெல்லாம் மறந்துவிட்டு, கேஸ்கெட் போயிருச்சாம் என்று உனக்கே எழுதியிருக்கிறேனே. என்ன அம்மா நான். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ எப்படி வேலைக்குப் போனாய், எப்படிச் சாப்பிட்டாய்?

மறுநாளே கிகுண்டுவிடம் போய், கேஸ்கெட் எதனால் போகும் என்று கேட்டேன். ரெண்டு விதமாகப் போகும் என்றான். ரேடியேட்டரோ ஹோஸோ கெட்டு, முதலில் எஞ்சின் கொதித்து, அதனால் கேஸ்கெட் கருகலாம். அப்படியானால் யார் மேலும் குற்றமில்லை. இல்லையென்றால் கேஸ்கெட்டை அமுக்கிப் பிடிக்கிற ஹெட் போல்ட்டுகளை ஒரே மாதிரி இறுக்காமல் விட்டிருக்க வேண்டும், அதனால்தான் கேஸ்கெட் கசிந்து எஞ்சின் கொதித்திருக்கும். "ஸ்பேனரை வெச்சாலே தெரிஞ்சுரும் நாலொங்கோ. சரியா இறுக்குன போல்ட்டு கத்திக்கிட்டுத்தான் கழலும். சரியா இறுக்காதது சும்மா வந்துரும். தெறந்த உடனே யார் கைன்னு சொல்லிருவேன்" என்றான், ஏதோ பரிசு கொடுக்கிறவன் மாதிரி.

அவன் சொல்லுவான், எனக்குத் தெரியும். அவன் சொன்னால் வெல்டிங் கடைக்காரன் சொல்லுவான், அவன் சொன்னால் டயர்க் கடை, அப்புறம் என் பானையைச் சுற்றி உட்காரும் அத்தனை டிரைவர்களும். அதனால் வண்டி அவன் ஷெட்டுக்குப் போகாது. நானே திறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஷெட்டே சிரித்தது. "இது வாழைக்காய் உரிக்கற வேலை இல்ல" என்றான் கிகுண்டு. "உரிச்சா என் கையில மட்டும்தான்டா கறை. உங்கிட்ட விட்டா ஊர் வாயெல்லாம் கறை" என்றேன். கேட்காமலே ஒரு ஸ்பேனர் செட்டை எடுத்து என் கூடையில் போட்டான். அவனும் கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம்.

உள்ளே என்ன இருந்தாலும் அதைப் பார்க்கிற கண் என் கண்ணாக மட்டும் இருக்கட்டும். அதனால்தான் நான் திறக்கிறேன். உன் ஒரு வரிக்கு இதுதான் என் பதில்.

அம்மா


மசாக்கா
தியாகிகள் திருநாளுக்கு முந்தின ஞாயிறு

என் காட்டோவுக்கு,

நேற்று கடையைப் பூட்டிவிட்டேன். கோழியை விரட்டினேன். சாக்கை விரித்து, உன் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். காற்று வடிகட்டியைக் கழற்றினேன். ஒவ்வொரு நட்டையும் ஒம்வேசோ பலகையின் குழிகளில் வரிசையாகப் போட்டேன், திரும்பப் பூட்டும்போது மாறிவிடக்கூடாதே. விளையாட்டுக் காய்கள் என் பாவாடைப் பையில். பிறகு எஞ்சினின் மேல் மூடி. அதைத் தூக்க என் மூச்சே போய்விட்டது. உன் அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு?" என்று கேட்டாள். "ஆமா அண்ணி, வந்து ஒரு கை பிடிங்க" என்றேன். போய்விட்டாள்.

மூடிக்குக் கீழே ஹெட் போல்ட்டுகள் தெரிந்தன. எண்ணெயில் நனைந்து, சாதுவாக, ஒன்றைப்போல் ஒன்று. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். சரியாகப் பொருந்தியது. ஒரு அழுத்து அழுத்தினால் தெரிந்துவிடும். கத்திக்கொண்டு கழலுமா, சும்மா வருமா.

காட்டோ, நான் அதை அழுத்தவில்லை.

பயந்துதான் விட்டேன் என்று வைத்துக்கொள். கத்திக்கொண்டு கழன்றால் உனக்கு எழுதுவேன், மகனே உன் மேல் குற்றமில்லை என்று. நீ நம்புவாயா? எஞ்சினைத் தொட்டறியாத கிழவி, பிள்ளைக்காகப் பொய் எழுதுகிறாள் என்றுதான் நினைப்பாய். சும்மா வந்துவிட்டால்? அப்போதும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் என்றைக்காவது நீ வந்து என் முகத்தைப் பார்ப்பாயே. உன்னிடம் மறைக்கிற முகம் எனக்குக் கிடையாது, சின்ன வயதிலிருந்தே நீ அதைப் படித்துவிடுவாய். ஸ்பேனரை எடுத்துவிட்டு மூடியைப் பழையபடி பூட்டினேன். இரண்டு நட்டு மிஞ்சிவிட்டது, எங்கே போகவேண்டியவை என்று தெரியவில்லை.

அப்புறம் சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். சாஸ்திரத்தை மீறிவிட்டேன். வாஸ்வா செத்துப் போனான் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவன் உன்னைக் கூப்பிடமாட்டான். அவனுக்கு உன் மேல் அவ்வளவு பாசம், கூப்பிடுவானா? நீயாகத்தான் அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறாய். வண்டிக்கு அடியில் கிடந்து, போனை எடுக்காமல், ஒரு வரி எழுதி, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாய். என் பயமெல்லாம் அதுதான். அந்த எஞ்சினுக்கு ஒரு பிள்ளை போதும், இரண்டாவது பிள்ளையைக் கொடுக்கமாட்டேன்.

ஆறுதல் சொல்கிறேன் என்று நினைக்காதே, உள்ளதைச் சொல்கிறேன். அது உன் கை செய்த பிழையாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இருக்கலாம் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். தெரிந்தேதான் வரச் சொல்கிறேன். நீ வந்து திறக்கலாம் என்றால் திறப்போம், பக்கத்திலேயே நிற்கிறேன். வேண்டாம் என்றால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு அப்படியே கொடுத்துவிடுவோம். எதுவானாலும் அன்றைக்கு ராத்திரி நீ என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, உன் கட்டிலில் தூங்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இந்த ஊர் இன்னும் என்னை நாலொங்கோ என்றுதான் கூப்பிடுகிறது, இரட்டையரைப் பெற்றவள் என்று. நீ இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பு.

கண்டக்டரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உனக்கு ஓர் இடம் வைத்திருப்பான். ஜன்னல் ஓரம். ஆண்டவர் உன் பயணத்தைக் காக்கட்டும். உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிக்கட்டும். அவை முதன்முதலாக என் விரலைப் பிடித்த கைகள்.

உன் அம்மா,
நாலொங்கோ