சூசையப்பர் கொடியில் லத்தீன்

மார்ச் 3, செவ்வாய்

வெயில். வெள்ளவத்தைக் கடல் கொதித்து, மீன்கள் கரையேறி காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் அளவு வெயில்.

சத்தியம் பண்ணி ஆரம்பிக்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்த டயரியை ஒளித்து வாசிக்கும் வீட்டு அரசாங்கம் (இனி வீ.அ., அதாவது என் மனைவி) நிச்சயமாக நம்பாது.

காலைத் தேத்தண்ணிக்கு முன்பே கொட்டாஞ்சேனையிலிருந்து றெஜினாவின் ஃபோன். வீ.அ.வின் தங்கை. வீட்டில் எம்பிராய்டரி மெஷின் வைத்துத் தைப்பவள்.

"அத்தான், கம்ப்யூட்டர் செத்துப் போச்சு."

"எப்ப அடக்கம்?"

"பகிடி வேணாம் அத்தான். கொடி அதுக்குள்ள."

அவர்களுடைய ஒழுங்கையில் ஒரு சின்னச் சூசையப்பர் கோவில். திருநாள் கொடியை இந்த வருடம்தான் முதல் தடவையாக அவளிடம் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் இருந்து, சூசையப்பர் கையில் பிடித்திருக்கும் லில்லிப் பூவை வரைந்தாள், இதழ் இதழாக. வரைந்தது ஆதிகால விண்டோஸ் மென்பொருளில். படம் பென்டிரைவில் பத்திரம். ஆனால் அந்த மென்பொருளைத் தவிர வேறு எதற்கும் அது வாய் திறக்காது.

கொடியேற்றம் அடுத்த செவ்வாய். கோவில் சபைச் செயலாளர் சவிரி அண்ணன் சொல்லிவிட்டாராம்: "ஞாயித்துக்கிழம பூசைக்குப் பொறவு தைச்ச துண்ட காட்டு மகள். இல்லாட்டி கடையில பிரிண்ட் அடிச்சுப் போடுவம்." ஒரு முறை பிரிண்ட் என்றால் பிறகு எல்லா வருடமும் பிரிண்ட்தான். றெஜினாவின் குரலில் தண்ணீர்.

"அத்தான் இருக்க என்ன பயம்?" என்றேன். துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் எனக்கு ஊதி மரியாதை செய்தன.

மார்ச் 4, புதன்

வெயில். முருங்கைக்காய், தேங்காய், வீ.அ.வின் பிரஷர் குளிசை. மறக்கக்கூடாது. (மறந்துவிட்டேன்.)

நஸாரின் கடை. கம்ப்யூட்டர் திருத்துபவர், நான் கப்பல் கம்பனிக் கந்தோரில் வேலை பார்த்த காலம் தொட்டுப் பழக்கம்.

"அங்கிள், நீங்க சொல்ற பழைய மென்பொருள் புது விண்டோஸ்ல ஓடாது. லினக்ஸ் போட்ட லேப்டொப் ஒண்ணு ஈக்கி. அதுல நடுவில ஒரு மென்பொருள் போட்டுத் தாறன். ஓடும்."

"புதுசில ஓடாதது வேற்று நாட்டில ஓடுமோ?"

"அதான் விஷயம். விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் மாதிரி நடந்துக்கும் அங்கிள். ப்ரோக்ராம் என்ன கேட்டாலும் லினக்ஸ்ல ஈந்து எடுத்துக் குடுக்கும். ப்ரோக்ராம் சொந்த ஊட்டுல ஈக்கிறதா நெனச்சுக்கும்."

உடனே விளங்கியது. ஏனென்றால் அது நான். யாழ்ப்பாணத்துச் சைவன், கலியாணம் கட்டிய நாள் முதல் கொட்டாஞ்சேனைப் பூசைகளில் வீ.அ. எழும்பினால் எழும்பி, முழங்காலிட்டால் முழங்காலிட்டு வருகிறேன். என்னை உபதேசியார் என்று நினைத்திருப்பவர்களும் உண்டு. நானும் ஒரு நடுவில் போட்ட மென்பொருள்.

மார்ச் 5, வியாழன்

புழுக்கம். 155 பஸ்ஸில் லேப்டொப்பை மடியில் வைத்து, பச்சைக் குழந்தை மாதிரி கொட்டாஞ்சேனைக்கு. வீ.அ.வும் கூட.

றெஜினாவின் பென்டிரைவிலேயே இருந்த பழைய மென்பொருளைப் போட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கறுப்புத் திரை. பிறகு ஒரு பிழைச் செய்தி, மகாவலி நீளம். நஸாருக்கு ஃபோன். "அங்கிள், அந்த முதல் பெட்டியில ஓகே குடுங்க." கொடுத்தேன்.

திறந்தது!! திரை நிறைய லில்லி. ஒரு இதழ்கூடக் குறையவில்லை. றெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். வீ.அ. என்னைக் கலியாண நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மதிப்போடு பார்த்தது.

அந்தப் பார்வையில் எனக்குத் தலை சுற்றி, பூவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பென்டிரைவுக்கு அனுப்பினேன். மெஷின் தைத்தது. பூ, அபாரம். பூவுக்குக் கீழே "புனித சூசையப்பர்" வரவேண்டிய இடத்தில்:

Gdpj

அதற்குப் பக்கத்தில் ஒரு #. அப்புறமும் ஏதேதோ.

"அத்தான், சூசையப்பர் எப்ப இங்கிலீஷ் படிச்சவர்?"

பதில் யோசிக்குமுன் வாசலில் சவிரி அண்ணன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாராம். துண்டைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னா பாஷ தம்பி?"

என் வாயில் சனி. "லத்தீன், அண்ணன். ஆகப் பழைய லத்தீன்."

பயபக்தியோடு மடித்துக் கக்கத்தில் வைத்தார். "ஃபாதர்ட்ட காட்டுறன். சந்தோசப்படுவாரு." போய்விட்டார்.

றெஜினா நூல் பெட்டிக்கு மேலேயே குந்திவிட்டாள். "ஃபாதர் ரோமில படிச்சவரு அத்தான்."

வீ.அ. செருப்பை மாட்டியது. பஸ்ஸில் எனக்கு நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

மார்ச் 6, வெள்ளி

மழை. காலையிலேயே நஸாருக்குப் பாவசங்கீர்த்தனம்.

அவர் சிரித்து முடிய ஐந்து தேத்தண்ணி குடிக்கலாம். "அங்கிள், பாமினி போட்டீங்களா?"

பாமினி! இந்தத் தீவில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டிய எல்லாரும் தட்டிய எழுத்துரு. அது கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தட்டிய தமிழ் எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கல். கந்தோரில் அத்தனை பேருக்கும் பாமினி போட்டுக்கொடுத்த மகான் நான். வீடு மாற்றி, சட்டி பானை எல்லாம் ஏற்றி, அடுப்பை விட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் டியூஷன் நோட்ஸ் தட்டும் கடையில் பாமினி இன்னும் உயிரோடு. கேட்டதும் கொடுத்தார்கள். மழையோடு கொட்டாஞ்சேனை. போட்டேன். மென்பொருளை மூடித் திறந்தேன். # இருந்த இடத்தில் ஒரு "சூ" வந்து நின்றது. அவ்வளவு வடிவான "சூ"வைத் தமிழ் கண்டதில்லை.

"இனி நீங்க தொடாதீங்க அத்தான்," என்றாள் றெஜினா. அவளே அனுப்பி, அவளே தைத்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். பூசை. எழும்பினேன், முழங்காலிட்டேன்.

வெளியே ஃபாதர், கையில் அந்தத் துண்டு. "இந்த லத்தீன் நான் ரோமில காணல்ல. நீங்கதான் எழுதினதா?"

"அச்சுப்பிழை ஃபாதர்."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சவிரி அண்ணன் சிரிக்கவில்லை. "என்ன மடையனாக்கிட்டீங்க தம்பி. பிரிண்டுக்கே குடுப்பம் ஃபாதர்."

"பொய் சொன்னது நான் அண்ணன். தங்கச்சி இல்லை." இதை மிகைப்படுத்தாமல் சொன்னேன். கஷ்டமாக இருந்தது.

றெஜினா புதுத் துண்டை விரித்தாள். சவிரி அண்ணன் கண்ணாடி போட்டு, விரலால் எழுத்தைத் தடவி, சத்தமாக வாசித்தார். பிறகு பூ. பிறகு பின்பக்கம் திருப்பினார். அங்கேயும் ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"பெரிசா தை மகள். செவ்வாய்க்கெழம வெள்ளன வேணும்."

மார்ச் 9, திங்கள்

கொட்டாஞ்சேனையில் பகல் முழுக்க மெஷின் சத்தம். என் வேலை: இடியப்பம் வாங்கி வருவது. லேப்டொப்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும்படி வீ.அ.வின் வர்த்தமானி (கெஸட்) அறிவித்தல். ஒருதரம் மென்பொருள் உறைந்து நின்றது. றெஜினா மூடித் திறந்தாள், ஓடியது. என்னைக் கூப்பிடவேயில்லை. கெட்டிக்காரி.

மார்ச் 10, செவ்வாய்

மாலை, காற்றே இல்லை. கொடியேற்றத்துக்கு இலட்சம் பேர். கொழும்பு முழுக்க ஸ்தம்பிதம். இந்து சமுத்திரத்தில் கப்பல்கள் நங்கூரம் போட்டுப் பார்த்தன. கொடி மேலே போய்ச் சுருங்கித் தொங்கியது. பிறகு அண்டார்ட்டிக்காவிலிருந்து நேரே ஒரு காற்று வந்து லில்லியை விரித்தது. ஊர் முழுக்க "ஆ!"

சரி. இலட்சம் பேர் பொய், ஒழுங்கைச் சனம்தான். கப்பல் பொய். காற்றும் துறைமுகப் பக்கத்துச் சாதாரணக் காற்றுத்தான்.

சவிரி அண்ணன் றெஜினாவிடம் வந்து, "அடுத்த வருசத்துக்கும் இப்பவே வரையத் தொடங்கு மகள்," என்றது மட்டும் உண்மை.