அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏன் ஓடவில்லை

அன்பு மகன் அசாருக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய ரஹ்மத்தால் நானும் உன் தங்கை நிகத்தும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மழைக்குச் செம்பாக்கம் ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது, நம் தெருவில் தண்ணீர் ஏறவில்லை. நிகத்துக்குத் தாம்பரத்தில் கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து நல்லபடியாகப் போய் வருகிறாள். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வராத ஒன்று இருக்கிறது அசார்.

அம்மா மௌத்தாகி மூன்றாம் நாள் நீ வந்து இறங்கியபோது, அம்மா அந்தக் கரி இஞ்சின் ரயிலில் போனாளா என்று கேட்டாய். மழையால் ரயில் ஓடவில்லை என்று சொன்னேன். அது பொய். அன்று பொட்டுத் தூறல் கூட இல்லை. அந்த ரயிலை நிறுத்தியது நான்தான்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு நீராவி இஞ்சினைச் சீர்படுத்தித் தாம்பரத்திலிருந்து ஒரு நாள் ஓட்டப்போகிறார்கள் என்று ஆகஸ்டில் பேச்சு வந்தது. சக்கரத்தைத் தள்ளும் இரும்புத் தண்டை மாட்டுகிற பின் ஒன்று தேய்ந்திருந்தது, அதற்குப் பதில் புதிதாக ஒன்று கடைந்து தரும் வேலை திருமுடிவாக்கத்தில் நம் லேத் பட்டறைக்கு வந்தது. கேட்டதும் அம்மா முகம் எப்படி மாறியது தெரியுமா. கல்யாணம் முடிந்து தஞ்சாவூரிலிருந்து அவளை அழைத்து வந்தபோது விழுப்புரம் வரை கரி வண்டிதான், கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது என்று அவள் தவித்தாள், என் கைக்குட்டையால் எடுத்துவிட்டேன். அவள் முகத்தை நான் முதல் முதலாகத் தொட்டது அப்போதுதான். டாக்டர் கைவிரித்த பிறகு அவள் கேட்ட ஒரே ஆசை இன்னொரு முறை அந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது. இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

ரயில் ஞாயிறு காலை பத்து மணிக்கு. சனிக்கிழமை மதியம், அந்தப் பின்னைக் கடைந்த அதே இரும்புக் கம்பியின் மீதித் துண்டை வேறு வேலைக்காக அறுத்தேன். உள்ளே மயிரிழை போல ஒரு விரிசல். பின்னிலும் அப்படி இருந்தால் ஓட்டத்தில் உடையும். நேராக ரயில் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும், நான் வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னால் அவள் சும்மா இருங்கள் என்று சொல்லமாட்டாளா என்று உள்ளுக்குள் ஒரு மனது ஏங்கியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அவள் நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதப் போய் என்கிட்ட வந்து கேக்குறீங்களே, அதுல எத்தினி புள்ளைங்க ஏறும்? ஆட்டோ புடிச்சிக்கினு ஓடுங்க" என்றாள்.

இஞ்சினைக் கவனித்துக்கொண்டிருந்த கேசவன் சார் நான் சொன்னதை ஒரு வார்த்தை தட்டாமல் கேட்டார். அப்போதே பின்னைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார். மறுநாள் நடைமேடையில் குழந்தைகளோடு வந்த ஜனங்கள் ஏமாந்து திரும்பினார்கள். பதினோராம் நாள் அம்மா போய்விட்டாள்.

நீ மஸ்கட் திரும்பிய வாரம் கேசவன் சார் கூப்பிட்டார். சோதனையில் பின் சுத்தமாக இருந்ததாம், ஒரு கீறல் இல்லையாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்று ரயில் ஓடியிருக்கும், அவளும் ஏறியிருப்பாள். அவர், "பாய், நல்லா கீதுன்னு இன்னிக்குதான் தெரியும். அன்னிக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

போன ஞாயிறு அதே பின்னோடு ரயில் ஓடியது. நானும் நிகத்தும் போனோம். மின்சார வண்டி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று போகிறது, யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதற்கு அவ்வளவு கூட்டம். ஏன் என்று அங்கே நின்றபோது புரிந்தது. மற்ற வண்டிகளில் எல்லாம் மூடி மறைத்திருக்கிறது. இதில் நெருப்பு தெரிகிறது, மூச்சு தெரிகிறது, தண்டு சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிற பாடு தெரிகிறது. பாரம் இழுக்கிற ஜீவன் ஒன்று எதிரில் வந்து நிற்பது போல இருந்தது. நிகத் ஏறிப் போனாள். என்னால் ஏற முடியவில்லை, கடைசிப் பெட்டி மறையும் வரை நின்றிருந்தேன். மறுபடி அந்தச் சனிக்கிழமை வந்தாலும் இதையேதான் செய்வேன். ஆனால் இந்த முறை அவளிடம் கேட்க வீட்டுக்கு வரமாட்டேன். அந்தப் பதிலைச் சொல்லும் பாரத்தை அவள்மேல் வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

வெயிலில் நின்று வேலை பார்க்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவுக்கு யாசீன் ஓது, மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில் அம்மாவைப் போல் தயங்காத மனதையும் தருவானாக. இதைப் பற்றிப் போனில் கேட்காதே, என்னால் பேச முடியாது. எழுது.

துஆவுடன்,
உன் அத்தா
அப்துல் கஃபார்
செம்பாக்கம்