செவ்வாய்க்கிழமைக்கு முன்

அடுகோடி, பெங்களூரு
6.3.2025

அன்பு மகள் அனுஷாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம், ஆனால் அம்மா பேச்சை எடுத்தால் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் உன் தோழி வைஷ்ணவி மெல்போர்ன் திரும்பும்போது அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வரும் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, குரல்வளையை முழுவதுமாக எடுக்கப்போகிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். அந்தக் குரல் இனி வராது.

பதினாறு வயதில் கன்னட வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்து மேடையேறியவள். அந்தக் குரலுக்காகவே நாற்பது படங்களில் கூப்பிட்டார்கள். மடிவாளா மார்க்கெட்டில் மாஸ்க் போட்டுக்கொண்டு போனாலும், கத்தரிக்காய் விலை கேட்டதுமே "நம்ம வேதம்மா!" என்று கடைக்காரர் எழுந்து நிற்பார். டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "ஞாயித்துக்கிழமை ஹெப்பகோடியில ஷோ இருக்கு, அதை முடிச்சிட்டு வரலாமா?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், உன் வயிற்றுக் குழந்தை போன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய். அம்மா மேக்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நம் நாடகக் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். முகத்தில் பூச்சு ஏறிவிட்டால் வீட்டுச் செய்தி எதுவும் நடிகர் காதுக்குப் போகக்கூடாது. நானோ குழுவின் மேனேஜர். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்மா, நாடகம் முடிஞ்சதும் பேசுவா" என்றேன். அது பொய். திரை விழுந்தபிறகுதான் அவளிடம் சொன்னேன். மேக்கப்பைக் கூடக் கலைக்காமல் உன்னைக் கூப்பிட்டாள். "நாடகம் நல்லா நடந்துச்சா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். அதோடு அவளிடம் நீ பேசவே இல்லை.

உண்மையை உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "வேணாம். என்னை வெறுத்தா வெறுக்கட்டும். அவ்வளவு தூரத்துல இருக்கிறவளுக்கு அப்பாவாவது வேணும்" என்றாள். நானும் வசதியாக வாயை மூடிக்கொண்டேன். கோழைதான் உன் அப்பன். ஞாயிறுதோறும் நீ என்னிடம் பேசும்போது, அவள் சமையலறைக் குழாயை நிறுத்திவிட்டு நின்று கேட்பாள்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப்போட்டுவிடுவாள்.

கோபத்தை என் பக்கம் திருப்பிவிடு, எத்தனை வருடமானாலும் தாங்கிக்கொள்கிறேன். செவ்வாய்க்கு முன் அவளைக் கூப்பிடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், ரசத்துக்கு எத்தனை மிளகு என்றாவது கேள். அவள் பதில் சொல்லட்டும். போன் வந்தால் நான் தெருப்பக்கம் போய்விடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். உனக்கு அனுஷா என்று பெயர் வைத்தவள் அவள்தான். அவள் வாயால் அதை ஒருமுறை கேட்டுவிடு, கண்ணே.

உன் அப்பா,
பாலசுப்ரமணியன்