எரிமலை வாயில் இரண்டு சம்பந்திகள்

மார்ச் 4, புதன்

பேரன் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பேர் வைத்தபாடில்லை. நான் என் அப்பா பேரைச் சொல்கிறேன். சம்பந்தி அவர் அப்பா பேரைச் சொல்கிறார். வெளிநாட்டில் மகன் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் குழந்தையும் அதைப் பெற்றவர்களும். இன்னொன்றில் நானும் அவரும், நடுவில் எல்லைக்கோடாக இரண்டு சூட்கேஸ். இருவருமே மனைவியை இழந்தவர்கள். ஆகவே சமாதானம் பண்ணிவைக்கவும் ஆள் இல்லை.

நான் ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். அவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். எதைச் சொன்னாலும் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சேர்த்தே சொல்வார்.

மார்ச் 5

பேச்சுவார்த்தை அடியோடு நின்றது. உப்பு வேண்டுமென்றாலும் மருமகள் மூலமாகத்தான்.

மார்ச் 6

பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் எரிமலை வாய்க்கு ஒருநாள் சுற்றுலா டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். இந்த வயதில் எரிமலையா என்று மகனைக் கேட்டேன். "அது தூங்குதுப்பா, ஒண்ணும் பண்ணாது," என்றான். எங்களைவிட அது சாது என்கிறான் போல. நான் மட்டும் போகிறேனே என்றேன். ஜோடி டிக்கெட்டாம். தலையெழுத்து.

மார்ச் 7, சனி

இன்று நடந்ததை எழுதினால் எனக்கே நம்பிக்கை வராது. எழுதிவைக்கிறேன்.

ஜோடி டிக்கெட் என்றால் என்ன என்று பஸ் ஏறின பிறகுதான் புரிந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று, ஸ்பூன் இரண்டு. இருக்கைக்கு மேலே இதயம் வரைந்த காகிதம். வழிகாட்டிப் பெண் வந்து எங்கள் இருவருக்கும் கல்யாண நாள் வாழ்த்துச் சொன்னாள். சம்பந்தி பதறிப்போய் "நோ, நோ, சம்பந்தி" என்றார். அவள் அதைச் செல்லப்பெயர் என்று நினைத்து, நாள் முழுக்க இரண்டு பேரையுமே சம்பந்தி, சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே ஒரே பனிமூட்டம். எல்லோருக்கும் மஞ்சள் மழைக்கோட்டு, புகைக்கு முகமூடி. யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று ஜோடி ஜோடியாக இடுப்பில் கயிறு கட்டினார்கள். நான் முன்னால் போனால் அவர் இழுபட வேண்டும், அவர் நின்றால் நான் நிற்க வேண்டும். பேச்சு மட்டும் கிடையாது.

எரிமலை வாய் இதோ காலடியில் என்றாள் வழிகாட்டி. நம்பினோம். அழுகின முட்டை நாற்றம் மட்டும் நிஜம். அவள் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள் – நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தானாம். எல்லோரும் அந்தப் படத்தைப் படம் எடுத்தார்கள். நானும்தான்.

திடீரென்று விசில். காற்று திரும்பிவிட்டது, இறங்குங்கள் என்றார்கள். நடுவழிக் கொட்டகையில் கழிவறைக்காகக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி அவசர அவசரமாகக் கட்டினார்கள். இறங்கும்போது எனக்குத் தாங்கவில்லை. பின்னால் வந்தவரிடம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தலையாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அடடா, மனிதர் இத்தனை நல்லவரா என்று கண் கலங்கிவிட்டது.

கீழே வந்து முகமூடியைக் கழற்றினால், யாரோ ஒரு வெள்ளைத் தாடிக்காரர்! தமிழ் ஒரு எழுத்து தெரியாது. பின்னாலேயே பனிக்குள்ளிருந்து என் சம்பந்தி வந்தார், தாடிக்காரரின் மனைவியோடு கட்டப்பட்டு. அந்த அம்மாள் அவர் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸில் ஏறி அதே இதயத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். பிறகு அவர் கேட்டார்.

"அந்த ஆள்கிட்ட என்ன பேசினீங்க?"

"பேரைப் பத்தித்தான்."

"நான் அந்தம்மாகிட்ட அழுதுட்டேன் சம்பந்தி. என் பொண்ணு என்கிட்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசறதில்லை. எங்கப்பா பேரை வச்சா, பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் என் ஞாபகமும் வராதான்னு ஒரு நப்பாசை."

இதற்குமேல் நான் மட்டும் எதை மறைப்பது?

"ரிட்டயர் ஆனதிலேருந்து என்னை யாரும் எதுவும் கேக்கறதில்லை. இந்தப் பேரு ஒண்ணைத்தான் கேட்டாங்க. அதான் விடமாட்டேங்கறேன்," என்றேன்.

அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஸ்பூனை என்னிடம் நீட்டினார். கூடவே ஒரு மாத்திரை. "பஸ் குலுங்குது. இது சாப்பாட்டுக்கு முன்னாடி." போட்டுக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? உங்கள் அப்பா பேரையே வையுங்கள் என்றார் அவர். இல்லை, உங்கள் அப்பா பேர்தான் என்றேன் நான். விட்டுக்கொடுப்பதிலும் மனிதருக்கு அப்படியொரு பிடிவாதம். வீட்டு வாசல்வரை சண்டை.

கதவைத் திறந்த மகன், பேர் வைத்தாயிற்று என்றான். இன்றைக்குத்தான், மதியம். இரண்டே எழுத்து. எங்கள் இரண்டு அப்பாக்களுக்கும் சம்பந்தமில்லாத பேர்.

"அர்த்தம் என்னடா?"

"அர்த்தமெல்லாம் இல்லப்பா. கூப்பிட ஈஸி."

இதற்காகவா எங்களை எரிமலைக்கு அனுப்பினீர்கள் என்று சம்பந்தி கேட்டார். மருமகள், "டீ போடட்டுமா மாமா?" என்றாள்.

மார்ச் 8

காலையிலிருந்து அந்தப் பேரைச் சொல்லிப் பழகுகிறோம். அவர் ஒரு மாதிரி தப்பாகச் சொல்கிறார், நான் வேறு மாதிரி. குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 2

ஊர் திரும்பி மாதங்கள் ஆகின்றன. முழங்கால் வைத்தியத்துக்கென்று என் வீட்டுக்கு வந்த சம்பந்தி இன்னும் இங்கேதான் இருக்கிறார். மருமகள் சாயங்காலமானால் என் போனில் கூப்பிடுகிறாள். "அப்பா இருக்காரா மாமா?" இன்று அரைமணி நேரம் ஓடியது. பாதி நேரம் பேரன் அழுத சத்தம்தான். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

எப்போது கிளம்புகிறார் என்று நான் கேட்கவில்லை. கடைக்குப் போய் இன்னொரு தலையணை வாங்கிவந்தேன்.