மூன்று மாதம் சாப்பிடாத மலைப்பாம்பு

ஜகார்த்தா

அன்புள்ள முர்னியாத்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமாவுக்கு இருமல் நின்றதா?

நான் பார்த்துக்கொள்ளும் ஒன்பது மலைப்பாம்புகளில் பெரிய ஆண் பாம்பு மூன்று மாதமாகச் சாப்பிடாமல் இருந்தது. அது ஒரு தடவை இரை எடுத்தால் நான் பெருநாளுக்கு ஊருக்குப் போகலாம் என்று முதலாளி ஹெந்த்ரா சொல்லியிருந்தார். சமையல்கார தூமினி அக்கா சிரிப்பார்: "அதுவும் நோன்பு வச்சிருக்கு தம்பி. பெருநாள் என்னைக்குன்னுதான் அதுக்குத் தெரியல."

ஆள் நடமாட்டம்தான் அதற்குப் பிடிக்கவில்லை. கூண்டின் கண்ணாடியை என் கைலியால் மூடி, பத்து நாள் யாரையும் தொடவிடவில்லை. பிறகு உறையவைத்திருந்த செத்த எலியை வெந்நீரில் சூடாக்கி இடுக்கியால் நீட்டினேன். திங்கட்கிழமை காலை விழுங்கிவிட்டது. நான் பையைக்கூடக் கட்டிவிட்டேன்.

இரை எடுத்த பாம்பை இரண்டு நாளாவது தூக்கக்கூடாது. முதலாளி அன்று மாலையே அதைத் தோளில் போட்டு விருந்தாளிகளோடு படம் எடுத்துக்கொண்டார். எலி அப்படியே கம்பளத்தில் வந்து விழுந்தது.

"என்னத்தடா குடுத்த அதுக்கு?"

"நீங்க தூக்கினதாலதான் ஐயா."

"மறுபடி சாப்பிடட்டும். அப்புறம் ஊருக்குப் போறதப் பத்திப் பேசலாம்."

கக்கிய பாம்புக்கு இரண்டு வாரம் இரை வைக்கக்கூடாது. பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

பேருந்தில் இடம் கிடைக்கவில்லை என்று மகளிடம் சொல்லிவிடு. என் பழைய கைலியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. பெருநாள் தொழுகைக்குக் கட்ட வேறு இல்லை; இருந்த ஒன்று கூண்டில்தான் தொங்குகிறது. முதலாளி கூப்பிடுகிறார்.

ரஸ்மான்